ஆல்டோவில் மாட்டியதும் கழற்றியதும்

2019 ஏப்ரலில், 62,000 கிலோமீட்டர் ஓடிய 2013ஆம் ஆண்டு ஆல்டோ கே10 ஒன்றைச் சூலூரில் ஓர் இளைஞரிடமிருந்து வாங்கினேன். 998 சிசி, மூன்று சிலிண்டர், 68 குதிரைத்திறன், 90 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, வண்டியின் எடையோ ஏறக்குறைய 765 கிலோ. இந்தக் கணக்கைப் பார்க்கும் எவரும் இது துள்ளிக்கொண்டு ஓடும் வண்டி என்றுதான் நினைப்பார், அந்த மாடலை ஓட்டியவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். என் கைக்கு வந்த வண்டியோ, உடுமலைக்குப் போகும் வழியில் ஒரு லாரியை முந்துவதற்குள் இரண்டு முறை யோசிக்க வைத்தது. மைலேஜ் சான்றிதழில் லிட்டருக்கு 20.2 கிலோமீட்டர் என்று இருந்தது. எனக்கு 14ஐக்கூடத் தொடவில்லை.

அதை விற்ற இளைஞர் வண்டியை அலட்சியமாக வைத்திருந்தவர் அல்லர். 14 அங்குல அலாய் சக்கரம், காற்று வடிகட்டிப் பெட்டிக்குப் பதிலாகக் கூம்பு வடிவத் திறந்த ஃபில்டர், முன்பக்கம் பம்பருக்கு மேல் மாட்டும் இரும்புத் தடுப்புக் கிரில், டிக்கியில் ஊஃபரும் ஆம்ப்ளிஃபயரும், பின்னால் அகன்ற வாய் கொண்ட சைலன்சர் என ஆசை ஆசையாகச் செய்து வைத்திருந்தார். வாங்கும்போது இவையெல்லாம் விலையில்லாமல் கிடைத்த லாபமாகவே எனக்குப் பட்டன. அதற்கு மேல் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவை ரீமேப் செய்துவிட்டால், அதாவது அதில் உள்ள கணக்குகளை மாற்றி எழுதிவிட்டால், பிக்கப்பும் வரும், மைலேஜும் வரும் என்ற கனவில் பட்டறை பட்டறையாக விலை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பம்ப்செட் நிறுவனம் ஒன்றில் சோதனைப் பிரிவில் வேலை செய்யும் நண்பர் கேட்ட கேள்விதான் திசையை மாற்றியது. “ஒரு மோட்டாரை நாங்கள் திருத்துவதற்கு முன்னால் அது இப்போது என்ன குடிக்கிறது, எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்று எழுதி வைப்போம். நீங்கள் எதை எழுதி வைத்திருக்கிறீர்கள்?” என்றார். என்னிடம் எதுவும் இல்லை. அன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். இந்த வேலை முழுவதிலும் மிக மலிவான பொருளும் மிகப் பயன்பட்ட பொருளும் அந்த நோட்டுதான்.

மூன்று சோதனைகளை வைத்துக்கொண்டோம். முதலாவது, ஒரே பங்க்கில், ஒரே மெஷினில், நாஸில் தானாக நிற்கும் வரை நிரப்பி, 350 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டி, மீண்டும் அதே மெஷினில் நிரப்பிக் கணக்கிடுவது. ஒரு நிரப்பலை நம்பாமல் மூன்று நிரப்பல்களின் சராசரியை எடுப்பது. இரண்டாவது, பொள்ளாச்சிச் சாலையில் அதிகாலை ஐந்தரை மணிக்கு, வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு, மூன்றாவது கியரிலேயே 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80க்கு எத்தனை நொடியில் போகிறது என்று பார்ப்பது. மூன்றாவது, 60 கிலோமீட்டர் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி, இன்ஜினை அணைக்காமல், தானாக உருண்டு 40க்கு இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பது. காற்றும் சாலைச் சரிவும் கணக்கைக் குழப்பும் என்பதால் ஒவ்வொன்றையும் போகும் திசையிலும் வரும் திசையிலும் செய்து சராசரி எடுத்தோம். ஆளற்ற நேரம், நேரான சாலை, பின்னால் வண்டி வராத தருணம் இவை மூன்றும் அமையாமல் யாரும் இதைச் செய்ய வேண்டாம்.

முதல் நாள் எழுதிய எண்கள் இவை: மைலேஜ் 13.6, மூன்றாவது கியரில் 11.8 நொடி, உருளும் நேரம் 17 நொடி. கடைசி எண்ணைப் பார்த்த நண்பர் கணக்குப் போட்டு, இந்த எடைக்கும் இந்த உருவத்துக்கும் 23, 24 நொடியாவது உருள வேண்டும், எதுவோ வண்டியைப் பிடித்து இழுக்கிறது என்றார். நியூட்ரலில் இருக்கும் வண்டியின் மேல் இன்ஜினுக்கு வேலையே இல்லை. அதாவது, நான் ரீமேப் செய்ய நினைத்த இன்ஜினுக்கும் இந்தக் குறைக்கும் தொடர்பே இல்லை.

அந்தச் சனிக்கிழமை வீட்டு வாசலில் ஜாக்கி வைத்து முன் சக்கரங்களைத் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்துக் கையால் சுழற்றினேன். வலது சக்கரம் இரண்டு சுற்று வந்து நின்றது. இடது சக்கரம் அரைச் சுற்றுகூட வராமல், ஈரத்துணியைப் பிழிவது போன்ற ஒரு சத்தத்தோடு நின்றது. பட்டறையில் கழற்றியபோது, பிரேக் பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கேலிப்பர் முன்னும் பின்னும் நழுவுவதற்காக இருக்கும் இரண்டு ஊசிகளில் ஒன்று துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. ரப்பர் உறை கிழிந்து மழைநீர் உள்ளே இறங்கியிருந்தது. ஆகவே, பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் ஒரு பக்கத்துப் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. வெளிப்பக்கப் பேடு பாதித் தடிமன் இருக்க, உட்பக்கப் பேடு தகடாகத் தேய்ந்திருந்தது. ஊசி, ரப்பர் உறை, அதற்கென உள்ள கிரீஸ், புதிய பேடு, கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம் ஆனது. உருளும் நேரம் 17லிருந்து 20 நொடிக்கு ஏறியது.

அடுத்த குறையைக் காட்டியது, ஈசியூவின் விவரங்களைப் படிப்பதற்காக வண்டியில் உள்ள ஓபிடி துளையில் செருகும் ஒரு சிறிய புளூடூத் கருவி. எழுநூறு ரூபாய் கொடுத்து வாங்கி, கைப்பேசியில் பார்த்துக்கொண்டே நெடுஞ்சாலையில் போனால், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் வெப்பம் 64 டிகிரியைத் தாண்டவில்லை. வெளியில் மே மாத வெயில். 80க்கு மேல் ஏறி நிற்க வேண்டிய இன்ஜின் அது. வண்டியை முன்பு பார்த்துக்கொண்ட மெக்கானிக்கிடம் கேட்டபோது அவர் மறைக்கவே இல்லை: “தம்பி, நம்மூர் வெயிலுக்கு அந்த வால்வு எதுக்குங்க? ஒரு தடவை ரேடியேட்டர் பொங்குச்சுன்னு வந்தாங்க, அப்பவே தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுட்டனுங்க.” இன்ஜின் சூடேறும் வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அவர் நல்ல எண்ணத்தில் செய்ததுதான், தமிழ்நாடு முழுவதும் பட்டறைகளில் பல காலமாக நடப்பதும்தான். ஆனால், இன்ஜின் இன்னும் சூடேறவில்லை என்று நம்பும் ஈசியூ, காலை முதல் வேலையாக ஸ்டார்ட் செய்த வண்டிக்குக் கொடுப்பதுபோல் கொஞ்சம் கூடுதலாகவே பெட்ரோலைப் பீச்சிக்கொண்டிருக்கும். குளிர்ந்த எண்ணெய் தடிப்பாகவே இருக்கும், உள் உராய்வும் குறையாது. அன்று ரேடியேட்டர் பொங்கியதற்கு உண்மையான காரணம், ஓடாமல் நின்றுவிட்ட விசிறியின் ரிலே. அதை மாற்றிய பிறகு தெர்மோஸ்டாட்டைத் திரும்ப வைத்ததில் இன்றுவரை ஒருமுறைகூட வண்டி பொங்கியதில்லை. ஓட்டத்திலும் மைலேஜிலும் நான் கண்ட மிகப் பெரிய முன்னேற்றம், எண்ணூறு ரூபாய்கூடப் பெறாத அந்த உருப்படியால் வந்தது.

சக்கரங்களின் கதை சற்று நீளமானது. கம்பெனி கொடுத்த அளவு 155/65 ஆர்13. வண்டியில் இருந்தது 175/60 ஆர்14. அளவைக் கணக்கிட்டால் முன்னதன் விட்டம் 531.7 மில்லிமீட்டர், பின்னதன் விட்டம் 565.6 மில்லிமீட்டர், வித்தியாசம் 6.4 சதவீதம். இதற்கு இரண்டு விளைவுகள் உண்டு. பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிகத் தொலைவு போகிறது என்பது மீட்டருக்குத் தெரியாது. அது 100 என்று காட்டும்போது வண்டி 106 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். ஆகவே, நான் எழுதி வைத்த 13.6 உண்மையில் 14.5, மைல்கற்களை வைத்துச் சரிபார்த்தபோதும் அதுவே வந்தது. டயர் அளவை மாற்றிவிட்டு மைலேஜ் குறைந்துவிட்டது என்று புலம்புவோர் முதலில் இந்தக் கணக்கைப் போட வேண்டும். இன்னொன்று, ஒவ்வொரு கியரும் 6.4 சதவீதம் நீண்டுவிடுகிறது, இழுவை அதே அளவுக்குக் குறைகிறது. நெடுஞ்சாலையில் சுழற்சி குறைவது நல்லதுதானே என்று கேட்கலாம். வலுவான இன்ஜினில் அது சரி. 90 நியூட்டன் மீட்டரை 3,500 சுழற்சியில் எட்டும் இந்தச் சிறிய இன்ஜினில், சின்ன ஏற்றம் வந்தாலும் ஐந்தாவது கியரிலிருந்து நான்குக்கு இறங்க வேண்டியதாகி, மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விட்டது.

எடையையும் பார்த்துவிடலாம் என்று, தெருமுனைப் பழைய இரும்புக் கடைத் தராசில் இரண்டு சக்கரங்களையும் வைத்தோம். அலாயும் டயரும் சேர்ந்து 14.6 கிலோ, கடைக்காரர் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்த பழைய 13 அங்குல இரும்புச் சக்கரமும் டயரும் சேர்ந்து 11.5 கிலோ. அலாய் என்றாலே எடை குறைவு என்று அதுவரை நம்பியிருந்தேன். நல்ல அலாய்கள் அப்படித்தான் இருக்கும். பளபளப்புக்காக வார்த்த மலிவான அலாய் அப்படி இருக்க வேண்டிய அவசியமில்லை. மேலும், சக்கரத்தின் எடை சும்மா உட்கார்ந்திருக்கும் எடை அன்று. வேகமெடுக்கும் ஒவ்வொரு முறையும் அதை முன்னால் தள்ளுவதோடு சுழற்றவும் வேண்டும். நான்கு இரும்புச் சக்கரங்களும் கம்பெனி அளவில் நான்கு புதிய டயர்களும் வாங்கி, வீல் அலைன்மென்ட்டும் செய்துகொண்டேன். மொத்தச் செலவில் பெரும்பங்கு இதற்குத்தான் போயிற்று.

கூம்பு ஃபில்டரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பெனிப் பெட்டி வெளிக்காற்றைக் குழாய் வழியாக எடுத்துக்கொள்கிறது. திறந்த ஃபில்டரோ இன்ஜின் மேலேயே உட்கார்ந்து அதன் அனலையே குடித்துக்கொண்டிருந்தது. காந்திபுரம் நெரிசலில் ஓபிடி கருவி காட்டிய உள்காற்று வெப்பம் 62 டிகிரி; பழைய பெட்டியை மாட்டிய பிறகு அதே இடத்தில் 42. இந்த 20 டிகிரியில் காற்றின் அடர்த்தி சுமார் 6 சதவீதம் மாறுகிறது, அதாவது இன்ஜினின் முழு மூச்சில் அவ்வளவு குறைகிறது. குளிர்நாடுகளில் சிலர் மைலேஜுக்காக வேண்டுமென்றே சூடான காற்றைக் கொடுப்பதுண்டு. நம் வெயிலில் சூடு கூடினால் பெட்ரோல் நேரம் தவறி வெடித்துத் தட்டும் நாக்கிங் வராமலிருக்க ஈசியூ தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளி, இருக்கும் இழுவையையும் குறைத்துவிடும். கூம்பு ஃபில்டர் கொடுத்த ஒரே பலன் அந்த உறுமல் சத்தம். சத்தம் கூடினால் வேகமும் கூடியதாக மனம் நம்பிவிடுகிறது. ஸ்டாப் வாட்ச் நம்புவதில்லை.

இரும்புக் கிரில், ஊஃபர், ஆம்ப்ளிஃபயர், அதற்கான பலகைப் பெட்டி ஆகியவை மட்டும் 41 கிலோ இருந்தன. கிரில்லை எடை கருதாவிட்டாலும் எடுத்திருக்கவே வேண்டும்; 2017 டிசம்பரிலேயே மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அவற்றுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியிருந்தது, மோதலின்போது ஆளுக்கும் வண்டிக்கும் அது கேடு. 765 கிலோ வண்டியில் 41 கிலோ என்றால் ஐந்து சதவீதத்துக்கு மேல். அவ்வளவு பங்கு எடையைக் குறைப்பது, ஏற்றத்திலும் வேகமெடுப்பிலும் 68 குதிரைத்திறனோடு இன்னும் மூன்றரையைச் சேர்ப்பதற்குச் சமம். இந்த வித்தையைக் கோவைக்காரர்களுக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. 1980களின் இறுதியில் எஸ். கரிவரதன் இந்த ஊரில் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டியபோது உள்ளே வைத்தது, நம் வீதிகளில் பால் வாங்கப் போய்க்கொண்டிருந்த மாருதி 800இன் சின்னஞ்சிறு இன்ஜின்தான். அதைச் சுற்றியிருந்த எடையை அகற்றினார், ஓட்டுநரை ஒற்றையாளாகத் தாழ உட்காரவைத்தார். எத்தனையோ பந்தய வீரர்கள் அந்த வண்டிகளில்தான் பழகினார்கள். 1995இல் விமான விபத்தில் அவர் இறந்த பிறகு செட்டிபாளையத்துப் பந்தயத்தடத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

அகன்ற வாய் சைலன்சரையும் மாற்றினேன், அதற்குச் சட்டமும் ஒரு காரணம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகையிலும் இது சிக்கலாகும்.

வீணாய்ப்போனவற்றையும் சொல்ல வேண்டும். இரிடியம் பிளக் வாங்கினேன். நீண்ட நாள் உழைக்கின்றன, சரியான இடைவெளியில் உள்ள புதிய சாதாரண பிளக்கைவிடக் கூடுதலாக ஒரு கிலோமீட்டரையும் அவை தரவில்லை. சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் பெட்ரோல் மிச்சமாகும் என்ற ஒரு பெட்டியை நண்பர் ஒருவர் பரிசளித்தார். பிரித்துப் பார்த்தால் ஒரு எல்ஈடியும் இரண்டு சில்லறை உறுப்புகளும் இருந்தன. பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தத்தைக் கட்டிப் பார்க்கும் அளவுக்கு, நல்லவேளை, எனக்கு ஆசை முற்றவில்லை. ரீமேப்பைக் கடைசி வரை செய்யவில்லை. டர்போ இன்ஜினில் அழுத்தத்தைக் கூட்டிப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவரலாம்; டர்போ இல்லாத ஒரு லிட்டர் இன்ஜினில் கிடைக்கக்கூடிய மூன்று நான்கு குதிரைத்திறனைத்தான் நான் ஏற்கெனவே டிக்கியிலிருந்து இறக்கி வைத்துவிட்டேனே.

ஒரு தவறு ஆபத்தாகவே முடிந்திருக்கும். காற்றழுத்தம் கூடினால் உருளும் எதிர்ப்பு குறையும் என்று படித்து, டயர்களில் 40 பிஎஸ்ஐ வைத்தேன். உருளும் நேரம் ஒரு நொடி கூடியது, பூரித்துப்போனேன். ஜூலையில் ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது, நனைந்த ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே பேருந்து வந்ததும் பிரேக் பிடித்தேன். முன் சக்கரங்கள் திரும்பியிருக்க வண்டி மட்டும் நேராக வழுக்கிக்கொண்டு போய், கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பக்கத்தில் இருந்த என் மனைவி வால்பாறை வரும் வரை பேசவில்லை. காற்று கூடிய டயருக்குச் சாலையில் பிடி குறைந்திருந்தது. இப்போது கதவோரத்து ஒட்டுவில்லையில் உள்ள அளவுக்கு மேல் இரண்டு பிஎஸ்ஐ மட்டுமே, அதுவும் டயர் குளிர்ந்திருக்கும்போது.

அதே மலையில் கற்ற இன்னொன்று, இறக்கத்தில் நியூட்ரல் போட்டு உருட்டுவதைப் பற்றியது. கார்புரேட்டர் காலத்து டிரைவர்களின் வழக்கம் அது. இன்ஜெக்ஷன் வண்டியில், கியரில் வைத்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சுழற்சி ஐடில் (சும்மா நிற்கும்போது ஓடும்) அளவுக்கு மேல் இருக்கும் வரை ஈசியூ பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலிலோ ஐடிலுக்கான பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும், பிரேக் மட்டும் சூடேறும். ஆகவே, இரண்டாவது கியரில் இறங்குவதே சிக்கனமும் பாதுகாப்பும். சமதளத்தில் வேகமெடுக்கும்போதும் ஆக்சிலரேட்டரைப் பூப்போல மிதிக்கத் தேவையில்லை. முக்கால் பங்கு மிதித்து, 2,500 சுழற்சிக்குள் அடுத்த கியருக்குப் போய்விட்டால், காற்று நுழையும் கதவான திராட்டில் பாதி மூடியிருக்க, அதன் வழியாக மூச்சு வாங்கும் சிரமம் இன்ஜினுக்குக் குறைகிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த வட்டாரத்தில் மைலேஜை நிர்ணயிப்பது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது சும்மா அன்று. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு எதிரே 30 கிலோமீட்டர் வேகக் காற்று வந்தால், வண்டி 110இல் போவதாகத்தான் காற்றுக்குப் படும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் கூடுவதால் அது ஏறக்குறைய 1.9 மடங்காகிவிடும். என் நோட்டில் ஆடி மாதத்தில் பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்குப் போன கணக்கும் திரும்பிய கணக்கும் இரண்டு வேறு வண்டிகளுடையவை போல இருக்கும். வேகத்தை நாமே கூட்டினாலும் இதே கதைதான்: 80லிருந்து 100க்குப் போனால் காற்றெதிர்ப்பு 56 சதவீதம் கூடும். நேரம் இருக்கும் நாள்களில் நான் 80ஐத் தாண்டுவதில்லை.

ஏழு மாத வேலைக்குப் பிறகு எழுதிய எண்கள்: உருளும் நேரம் 23 நொடி, மூன்றாவது கியரில் 9.9 நொடி, கலவையான ஓட்டத்தில் மைலேஜ் 19. செலவு, அலாய்களை விற்ற பணம் போக, 27,000 ரூபாய். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடும் எனக்கு 20 லிட்டர் போல மிச்சமாகிறது. லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பதினான்கு மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். இதைவிடக் குறைவாக ஓட்டுபவர், டயர் தேய்ந்து மாற்றும் நேரம் வரும் வரை சக்கரத்தில் கை வைக்காமல், பிரேக்கையும் தெர்மோஸ்டாட்டையும் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இப்போது நோட்டில் எண்கள் மறுபடி இறங்கியிருக்கின்றன. பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு என் சராசரி 18க்கு வந்துவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், இந்த இறக்கத்தைக் கழற்றியோ மாட்டியோ மீட்க முடியாது. ஆனாலும், அவசரப்பட்டு எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போடாமல், உருட்டிப் பார்க்கும் சோதனையை மறுபடி செய்தேன்: 23 நொடி, மாற்றமில்லை. பழைய வண்டியின் ரப்பருக்கு எத்தனால் ஆகாது என்பதால் பெட்ரோல் குழாய்களை மட்டும் போன மாதம் புதிதாக மாற்றிக்கொண்டேன். கழற்றிய குழாயை வளைத்துப் பார்த்தபோது மேல்தோல் காய்ந்த சேறு போல வெடித்திருந்தது.